எஞ்சின் வாங்கும் முன் கேஸுக்கு விலை போடுங்கள்

கேள்வி: ராசிபுரம் பக்கம் எங்களுக்குச் சேகோ (ஜவ்வரிசி) மில் இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு 40 டன் மரவள்ளிக் கிழங்கு ஓடும், சீசன் ஏழு மாதம். கழிவுநீர் தினமும் இரண்டரை லட்சம் லிட்டர். கழிவுநீர்க் குளமான லகூனுக்குள் போகும் தண்ணீரில், அழுக்கின் அளவைக் காட்டும் சிஓடி லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று லேப் ரிப்போர்ட் இருக்கிறது. நான்கு வருடம் முன்பு லகூனை ஷீட் போட்டு மூடி, வரும் கேஸைப் பாய்லருக்குக் கொடுக்கிறோம். பாய்லர் பகலில் 12 மணி நேரம் ஓடும். அப்போது எரிவது போக, இரவு வருவதெல்லாம் ஃபிளேரில் வீணாக எரிந்து போகிறது. இப்போது ஒரு கம்பெனிக்காரர் 120 கிலோவாட் கேஸ் எஞ்சினுக்கு 95 லட்சம் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். நாளைக்கு 1,000 கன மீட்டர் கேஸ், 2,000 யூனிட் கரண்ட், இரண்டே வருடத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும் என்கிறார். மீட்டரில் எனக்கு 500-க்கு மேல் வந்ததில்லை. கேட்டால், லகூனைச் சரிசெய்தால் வந்துவிடும் என்கிறார். ஈபி பில்லில் யூனிட் ஏழரை ரூபாய், டிமாண்ட் சார்ஜ் சேர்த்தால் எட்டு ரூபாய்க்கு மேல். விறகு கிலோ ஐந்து ரூபாய், நாளைக்கு மூன்று டன் ஆகிறது. சென்னையில் சாக்கடைத் தண்ணீரிலேயே கரண்ட் எடுக்கிறார்கள், நம்மால் முடியாதா என்று அண்ணன் கேட்கிறார். பேங்கில் கடன் தரத் தயார். வாங்கலாமா சார்?

பதில்:

அம்மணிக்கு வணக்கம். இப்போதைக்கு வாங்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட நாள் குறித்திருப்பீர்களோ என்று ஒரு பயம். காரணத்தை நிதானமாகச் சொல்கிறேன். கணக்கு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் எழுதிய எண்களை வைத்தே பார்க்கலாம்.

முதலில் அந்த 1,000 கன மீட்டர். கழிவுநீரில் இருக்கும் மாவுச்சத்து கேஸாக மாறுவதற்கு ஒரு உச்ச வரம்பு உண்டு. ஒரு கிலோ சிஓடி முழுக்கச் சிதைந்தால் 0.35 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும். அதற்கு மேல் எந்த லகூனாலும் தர முடியாது, எவ்வளவு விலை கொடுத்துச் சரிசெய்தாலும் சரி. உங்கள் இரண்டரை லட்சம் லிட்டரில் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்றால் நாளைக்கு 1,250 கிலோ சிஓடி. அதில் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் கேஸானாலும் சுமார் 437 கன மீட்டர் மீத்தேன். உங்கள் கேஸில் மீத்தேன் 60 சதவீதம் என்று வைத்தால், மொத்த கேஸ் 730 கன மீட்டருக்குள் நின்றுவிடும். நடைமுறையில் 80 சதவீதம் சிதையும், அதிலும் ஒரு பகுதி கிருமிகள் வளரவே செலவாகும், கொஞ்சம் மீத்தேன் தண்ணீரிலேயே கரைந்து வெளியே போய்விடும். அப்படிப் பார்த்தால் 500 வருகிறது. உங்கள் மீட்டரும் அதைத்தான் சொல்கிறது. உங்கள் லகூன் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, அதைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பின்னே அவருக்கு 1,000 எங்கிருந்து வந்தது? சிஓடி 8,000, சிதைவு 90 சதவீதம் என்று போட்டால் சுமார் 1,050 வரும். 8,000 என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மாவு படியும் தொட்டியிலிருந்து வடியும் தண்ணீரில் மாதிரி எடுத்திருந்தால் அப்படி வரலாம். ஆனால் கிழங்கு கழுவும் தண்ணீர், களம் கழுவும் தண்ணீர், தொட்டி கழுவும் தண்ணீர் எல்லாம் கலந்துதானே லகூனுக்குப் போகிறது? அது நீர்த்துப்போன தண்ணீர். கெட்டித் தண்ணீரில் மாதிரி எடுத்து, மொத்தத் தண்ணீரின் அளவோடு பெருக்கினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். இந்தத் தவறை நான் பல கொட்டேஷன்களில் பார்த்திருக்கிறேன். மாதிரி எந்த இடத்தில், எந்த நேரத்தில் எடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. 2,000 யூனிட்டை எட்டு ரூபாயால் பெருக்கி, வருடத்துக்கு 330 நாள் என்று போட்டால் 52 லட்சத்துக்கு மேல் வரும். அதனால்தான் இரண்டு வருடம் என்கிறார். நீங்கள் ஏழு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது 210 நாள். கிழங்கு வராத ஐந்து மாதமும் எஞ்சின் சும்மா நிற்கும், பேங்க் வட்டி நிற்காது.

சரி, 500 கன மீட்டரையும் எஞ்சினுக்கே கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 60 சதவீத மீத்தேன் உள்ள ஒரு கன மீட்டரில் ஆறு யூனிட் அளவுக்கு வெப்பம் இருக்கிறது. பெரிய எஞ்சின்கள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரண்டாக்கும். உங்கள் அளவுள்ள எஞ்சினுக்கு ஒரு கன மீட்டருக்கு 1.7 யூனிட் என்று போடுவதே எனக்கு மனசுக்கு நிம்மதி. ஆக 850 யூனிட். கேஸைக் குளிர்வித்து, கந்தகத்தை நீக்கி, அழுத்தி உள்ளே அனுப்பும் சாதனங்களே 60 யூனிட் போலத் தின்றுவிடும். மிச்சம் 790.

இந்த 790-ஐ எட்டு ரூபாயால் பெருக்கக் கூடாது, ஏழரையால்தான் பெருக்க வேண்டும். இந்த இடத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். டிமாண்ட் சார்ஜ் என்பது மில் ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சுமைக்குக் கட்டுவது, அது அப்படிக் குறைந்துவிடாது. மாதத்தில் ஒரே ஒரு நாள், எல்லா மோட்டாரும் ஓடும் நேரத்தில் எஞ்சின் நின்றுபோனால் போதும், அந்த அரை மணி நேர டிமாண்ட் மீட்டரில் பதிந்துவிடும். பதியாமலே இருந்தாலும் ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதத்துக்குக் கட்டியே ஆக வேண்டும். ஒப்பந்தத்தையே குறைத்துக்கொள்ளலாம் என்பார்கள். குறைத்த பிறகு எஞ்சின் படுத்தால், தாண்டிய டிமாண்டுக்கு அதிகக் கட்டணம்.

ஆக நாளைக்கு 5,925 ரூபாய், சீசனுக்கு 12.4 லட்சம். இதில் ஆயில், பிளக், ஃபில்டர், ஓவர்ஹால் எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு ஒன்றே முக்கால் ரூபாய் ஒதுக்குங்கள், 3.1 லட்சம். இரண்டு ஷிப்டுக்கு ஆள் கூலி இரண்டே கால் லட்சம் போல. கந்தகம் நீக்கும் மருந்துக்கு ஒரு லட்சம். கையில் நிற்பது ஆறு லட்சம். 95 லட்சத்துக்குப் பத்து சதவீத வட்டியே ஒன்பதரை லட்சம்.

இதையெல்லாம்விடப் பெரிய செலவு ஒன்று எந்தக் கொட்டேஷனிலும் எழுதப்படுவதில்லை. எஞ்சினுக்குள் போகும் கேஸ் இலவசமாம்! நீங்களே பாதி கேஸைப் பாய்லரில் எரித்து விறகு மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கேஸ் எஞ்சினுக்குப் போனால் விறகை மறுபடியும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஒரு பொருளை வேறு எதற்கும் பயன்படுத்த வழியில்லை என்றால்தான் அது இலவசம். அதனால் எஞ்சினைப் பற்றிப் பேசும் முன் கேஸுக்கு ஒரு விலை போட வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் கேஸ் மூன்றரை கிலோ விறகுக்குச் சமம் என்று ஒரு கணக்கு எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அது வீட்டு விறகடுப்பை மனதில் வைத்துப் போட்டது. வீட்டடுப்பில் பெரும்பாலான சூடு வெளியே போய்விடும், பாய்லர் அவ்வளவு மோசமில்லை. ஒரு கன மீட்டர் கேஸில் சுமார் 5,100 கிலோ கலோரி, கேஸ் எரியும் பாய்லர் அதில் 82 சதவீதத்தைப் பிடிக்கும். காய்ந்த விறகில் கிலோவுக்கு 3,300, விறகு பாய்லர் 62 சதவீதம் பிடிக்கும். வகுத்தால் ஒரு கன மீட்டர் இரண்டு கிலோ விறகை மிச்சப்படுத்துகிறது. உங்கள் விலையில் பத்து ரூபாய். எஞ்சின் வழியாக அதே கன மீட்டர் செலவு போக எவ்வளவு தருகிறது? ஆறு லட்சத்தைச் சீசன் முழுக்க வரும் 1,05,000 கன மீட்டரால் வகுங்கள், ஆறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. எஞ்சின் விலை, வட்டி எதையும் கழிக்காமலே இந்த நிலை.

பாய்லரில் எரித்தால் பத்து ரூபாய், எஞ்சினில் எரித்தால் ஆறு ரூபாய். என் பதிலின் மையம் இதுதான். ஃபர்னஸ் ஆயிலோ சிலிண்டர் கேஸோ எரிக்கும் மில்லாக இருந்தால் பாய்லர் பக்கத்து விலை இன்னும் ஏறும்.

கம்பெனிக்காரருக்கு நியாயமாக இரண்டு வாதங்கள் உண்டு, அவற்றையும் பார்த்துவிடலாம். ஒன்று, காலை ஆறு முதல் பத்து, மாலை ஆறு முதல் பத்து என்ற உச்ச நேரத்தில் கரண்டுக்கு 25 சதவீதம் கூடுதல், அந்த நேரத்தில் மட்டும் எஞ்சினை ஓட்டலாம் என்பார். நல்ல யோசனைதான். 120 கிலோவாட் எஞ்சின் ஏழு மணி நேரத்தில் உங்கள் கேஸ் முழுவதையும் குடித்துவிடும், சேர்த்துவைக்க மட்டும் ஒரு பலூன் வேண்டும். இதில் சீசனுக்கு இன்னொரு மூன்று லட்சம் வரும். இரண்டாவது, புகைபோக்கியிலும் குளிர்விக்கும் தண்ணீரிலும் போகும் சூட்டைப் பிடித்துப் பாய்லர் தண்ணீரைச் சூடாக்கலாம். கேஸின் சூட்டில் 40 சதவீதம் அங்கேதான் போகிறது. பாதியை உருப்படியாகப் பயன்படுத்தினாலும் நாளைக்கு கால் டன் விறகு மிச்சம், சீசனுக்கு இரண்டரை லட்சம். தாராளமாக இரண்டையும் கூட்டுங்கள், பதினோரு லட்சத்துச் சொச்சம். பாய்லரிலேயே முழுக் கேஸையும் எரித்தால் பத்தரை லட்சம். இந்த ஒரு லட்சத்துச் சொச்ச வித்தியாசத்துக்கு 95 லட்சம் கடன் வாங்குவீர்களா?

கார்பன் கிரெடிட் (வெப்ப வாயுவைக் குறைத்ததற்கான சான்றை விற்பது) வருமானம் என்று ஒரு வரி கொட்டேஷனில் இருந்தால் அதைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சான்றுகளின் விலை 2012 வாக்கில் எப்படிச் சரிந்தது என்பதைப் பார்த்தவன் நான். மானியமும் அப்படித்தான், அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை கணக்கில் சேர்க்காதீர்கள்.

அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் 2005-06 வாக்கிலிருந்து கேஸ் எஞ்சின் வைத்துக் கரண்ட் எடுத்தார்கள், அது சரியான முடிவும்கூட. ஏன் அங்கே சரி, இங்கே சரியில்லை? சாக்கடை 365 நாளும் வரும். அந்த நிலையத்தின் பெரிய செலவே காற்று ஊதும் பிளோயரின் கரண்ட், அது இரவு பகலாக ஓடும். அங்கே பாய்லரும் இல்லை, விறகும் இல்லை. நம் ஊர் வெயிலில், கசடிலிருந்து கேஸ் எடுக்கும் டைஜஸ்டர் தொட்டியைச் சூடாக்கவும் பெரிதாகக் கேஸ் தேவைப்படாது. எஞ்சின் இல்லையென்றால் கேஸ் ஃபிளேருக்குத்தான் போகும். ஆகவே அங்கே கேஸ் நிஜமாகவே இலவசம். அப்படி இருந்தும் சின்ன நிலையங்களுக்குக் கட்டுப்படியாகாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்குப்படி நாளைக்குப் பத்து லட்சம் காலன், அதாவது 38 லட்சம் லிட்டர் சாக்கடைக்கு 26 கிலோவாட்தான் கிடைக்கும். உங்கள் இரண்டரை லட்சம் லிட்டரே சராசரி 35 கிலோவாட் தரக்கூடியது. கிழங்குத் தண்ணீர் அவ்வளவு கெட்டி! அதனால்தான் அதை ஓடையில் விடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

எல்லாச் சாக்கடை நிலையத்திலும் இது நடக்காது என்பதையும் அண்ணனிடம் சொல்லுங்கள். கோவை உக்கடத்தில் இருக்கும் 70 எம்எல்டி (நாளைக்கு ஏழு கோடி லிட்டர்) நிலையம் எஸ்பிஆர் முறை, அதாவது ஒரே தொட்டியில் தவணை தவணையாகக் காற்று ஊதிச் சுத்திகரிப்பது. அந்த முறையில் அழுக்கின் பெரும்பகுதி காற்று ஊதும் தொட்டியிலேயே சிதைந்துவிடுகிறது, டைஜஸ்டருக்கு மிஞ்சுவது குறைவு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் உண்மையான நஷ்டம் இரவு ஃபிளேரில் போகும் 250 கன மீட்டர். விறகாகப் பார்த்தால் நாளைக்கு அரை டன், ரூபாயில் 2,500, சீசனுக்கு ஐந்தே கால் லட்சம். இதை நிறுத்த எஞ்சின் தேவையில்லை. இரவு கேஸைப் பிடித்துவைக்க 300 கன மீட்டர் பலூனும், பகலில் இரட்டிப்புக் கேஸை எரிக்கும் பெரிய பர்னரும் போதும். பாய்லருக்கு நாளைக்கு மூன்று டன் விறகு ஆகிறது என்பதால் முழுக் கேஸையும் அது தாராளமாக ஏற்றுக்கொள்ளும். பலூன், பர்னர், ஊதி, குழாய் எல்லாம் சேர்த்து எஞ்சின் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதற்குள் முடித்தால் நான்கு சீசனுக்குள் பணம் திரும்பிவிடும். லகூன் ஷீட்டையே உப்பவிட்டுச் சேர்த்துக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உப்பிய ஷீட்டின் ஓரத்தில் ஆடிக் காற்று புகுந்தால் கிழியும் வரை விடாது. கிழிந்த ஷீட் வழியே போகும் மீத்தேன், நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். பலூன் தனியாக இருக்கட்டும், அதற்கென்று அடித்தளமும் வேலியும் இருக்கட்டும்.

மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையான திப்பியை லகூனில் போட்டால் கேஸ் கூடுமே என்று கேட்பீர்கள். கூடும். ஆனால் திப்பிக்கு மாட்டுத் தீவனத்தில் விலை இருக்கிறது. கேஸாக்கினால் அந்த விலை வருமா என்று மேலே போட்டதுபோல ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கரண்ட் பில்தான் உங்களை உறுத்துகிறது என்றால், அதே 95 லட்சத்துக்குக் கூரையில் சோலார் போடுவதோடு எஞ்சினை ஒப்பிடுங்கள். கிலோவாட்டுக்கு அரை லட்சம் என்று வைத்தால் 190 கிலோவாட், நம் பக்கத்து வெயிலுக்கு நாளைக்கு 760 யூனிட். எஞ்சினின் 790-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆயில் மாற்ற வேண்டியதில்லை. மில் ஓடாத மாதங்களில் அந்தக் கரண்டுக்குக் கிடைக்கும் விலை குறைவு, அதனால் பாதி அளவில் ஆரம்பிப்பது நல்லது. களத்தின் மேல் மட்டும் நிழல் விழக் கூடாது, ஜவ்வரிசி காயாது.

எஞ்சினே தப்பு என்று நான் சொல்லவில்லை. வருடம் முழுக்க ஓடும் ஆலை, பாய்லர் தேவைக்கு மேல் மிஞ்சும் கேஸ், எஞ்சின் ஆயிலை மாதாமாதம் லேபுக்கு அனுப்பும் ஆள், இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் நானே பரிந்துரைத்திருக்கிறேன். மூன்றாவதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஆத்தூர் பக்கம் ஒரு மில்லில் என் சொல்லை நம்பி எஞ்சின் வைத்தார்கள். மாவு வெளுக்க அங்கே கந்தக அமிலம் சேர்க்கிறார்கள் என்பதை நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அமிலத்தின் சல்பேட்டை லகூன் கிருமிகள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். அது எஞ்சினில் எரிந்து அமிலமாகி ஆயிலில் கலக்கும். இரண்டாவது சீசனில் பேரிங்குகள் அரித்துப் போயின. அந்தக் குடும்பம் அடைத்த கடனை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் கெடும். அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் அமிலம் சேர்க்கிறீர்களா என்று கேட்கிறேன். உங்களையும் கேட்கிறேன். சேர்ப்பதாக இருந்தால் நிறுத்துங்கள். சாப்பிடுகிறவர்களுக்கும் அது நல்லதில்லை, கேஸுக்கும் நல்லதில்லை. ஒரு கிலோ சல்பேட், மீத்தேனாக வேண்டிய சிஓடியில் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தின்றுவிடும்.

அதே ஹைட்ரஜன் சல்பைடு பற்றி இன்னொன்று. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வரை ஆட்கள் உஷாராக இருப்பார்கள். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் அளவும் அதுதான். லகூன் ஓரக் குழியிலோ, கேஸ் குழாயில் வடியும் தண்ணீர் சேரும் கண்டென்சேட் தொட்டியிலோ மீட்டர் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதிப்பதுதான் எப்போதும் நடக்கிறது. கையில் பிடிக்கும் அலாரம் மீட்டர் ஒன்றை பலூனுக்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் இரண்டு வாரம் ஒரு நோட்டுப் போடுங்கள். காலை ஆறு, மாலை ஆறு இரண்டு வேளையும் கேஸ் மீட்டர் ரீடிங், அன்று அரைத்த கிழங்கு டன், எரித்த விறகு எடை, வாரம் ஒரு முறை மீத்தேன் சதவீதமும் ஹைட்ரஜன் சல்பைடு அளவும். லகூனுக்கு உள்ளே போகும் தண்ணீரிலும் வெளியே வரும் தண்ணீரிலும் நாள் முழுக்கச் சேர்த்த கூட்டு மாதிரி எடுத்து சிஓடி பாருங்கள். அந்த நோட்டின் நகலை எனக்கு அனுப்பினால் பலூன் அளவையும் பர்னர் அளவையும் சரியாகப் போட்டுத் தருகிறேன். பேங்க்காரரிடம் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.